சினேகா பார்க்காத படம்

அய்யம்மாள்: …இந்த அஞ்சாவது படத்துல செத்தவுக திரும்பி வருவாகளா தம்பி?

தருண்குமார்: எந்தப் படம்? இருங்கம்மா… மிசின் ஓடுது, ஒண்ணும் கேக்கல. கதவச் சாத்திட்டு வாரேன். ம்… நீங்க யாரு? காலண்டர் ஆர்டரா?

அய்யம்மாள்: ஆர்டர் இல்ல. நான் சினேகாவோட அம்மா. அய்யம்மாள். ஒங்க மாமா பட்டாசுக் கம்பெனில பதினாறு வருசமா சரம் பின்றேன். என்னைய நீங்க பாத்திருக்க மாட்டீக. எம்மவளப் பாத்திருப்பீக. இந்தப் பிரஸ்லதான காலண்டர் பைண்டிங்ல இருந்தா.

தருண்குமார்: தெரியும்மா… ஒக்காருங்க. தண்ணி குடிக்கீகளா?

அய்யம்மாள்: தண்ணி கெடக்கட்டும். இந்தப் பேப்பர மட்டும் எனக்கு வெளங்கச் சொல்லுங்க. அவ நோட்டுக்குள்ள இருந்துச்சு. ‘பாத்தே ஆக வேண்டிய ஜப்பான் படங்க’ன்னு மேல எழுதிருக்கா. எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன். ஒண்ணும் பிடிபடல.

தருண்குமார்: நான் சொன்ன படங்கதான். அந்தப் பேரெல்லாம் அவ வாயில நொழையாது. கதைய வச்சு அவளா ஒரு பேரு போட்டுக்குவா.

அய்யம்மாள்: மொத நம்பரு, ‘கடல் பூதம்’.

தருண்குமார்: கடலுக்குள்ள இருந்து மலை மாதிரி ஒண்ணு எந்திரிச்சு வரும். ஊரையே மிதிச்சிட்டுத் திரும்பிப் போயிரும். அது பத்து நிமிசந்தான். மிச்சப் படம் பூராவும் யாரு இருக்கா, யாரக் காணோம்னு ஊர்க்காரங்க தேடுறது.

அய்யம்மாள்: டிக் போட்டிருக்கா.

தருண்குமார்: பாத்துட்டா. பூதத்துக்குப் பயப்படல. அந்தத் தேடுறவுகளப் பாத்துத்தான் அழுதா.

அய்யம்மாள்: அழுமூஞ்சி. ரெண்டாவது, ‘பொம்மைப் புருசன்’.

தருண்குமார்: புருசன் செத்துப்போவான். பொண்டாட்டி அவன மாதிரியே ஒரு மிசின் மனுசன் செஞ்சு வாங்குவா. பேசும், சண்ட போடும், கொறட்டைகூட விடும். மழை பேஞ்சா மட்டும் வெளிய வராது. அத வச்சு ஊரு கண்டுபிடிச்சிரும்.

அய்யம்மாள்: அப்பறம்?

தருண்குமார்: ஊரு என்ன சொன்னாலும் அவ கொடைய எடுத்துக்கிட்டு அதுகூடவே நடப்பா.

அய்யம்மாள்: நல்லாத்தான் இருக்கு. வீட்ல வாயத் தொறந்தா ஜப்பான்ல அப்பிடி, ஜப்பான்ல இப்பிடிம்பா. அவுக அய்யா, ‘ஏட்டி, ராத்திரிச் சோறு ஜப்பான்ல திங்கியா, இங்கன திங்கியா’ம்பாரு… ஒங்களுக்கு எப்பிடித் தம்பி இந்தப் பழக்கம்?

தருண்குமார்: லேபிளுக்காகத்தான். பட்டாசுப் பெட்டி மேல பூதம் வேணும், பறக்குற பொம்பள வேணும்னு கடைக்காரங்க கேக்காங்க. டிசைன் தேடத்தான் பாக்க ஆரம்பிச்சேன். அப்பறம் விட முடியல. அங்கன ஆத்தங்கரையில வாணவேடிக்கை விடுறதே செத்தவுகள நெனச்சுத்தானாம். அதச் சொன்னப்ப அவ நம்பவே இல்ல.

அய்யம்மாள்: நானும் நம்பல. கல்யாணத்துக்கும் தீவாளிக்கும்னு நெனச்சுத்தான் இம்புட்டு வருசமும் பின்னிட்டு இருக்கேன்… மூணாவது என்ன? ‘மணி பின்னாடி போறது’.

தருண்குமார்: ஒருத்தன் பொண்டாட்டி படகுல போவா. படகு முங்கிரும். அவன்கிட்ட ஒரு கடியாரம் இருக்கும். திருப்புனா நேரம் பின்னாடி போகும். ஆனா ஒவ்வொரு தடவையும் இவன் கரைக்கு ஓடி வாரப்ப, அப்பத்தான் கயித்த அவுத்திருப்பாங்க.

அய்யம்மாள்: எத்தன தடவ?

தருண்குமார்: நாப்பத்தியொரு தடவ.

அய்யம்மாள்: கொஞ்சம் முன்னாடியே போயி நிக்க வேண்டியதுதான?

தருண்குமார்: அந்தக் கடியாரம் அரை மணி நேரந்தாம்மா பின்னாடி போகும்.

அய்யம்மாள்: அரை மணி போதாது. எனக்கு பதினோரு நாளு வேணும். அன்னைக்கு புதன்கிழமை. காலைல பிரஸ்சுக்குன்னு கெளம்புனா. மத்தியானம் லீவு சொல்லிட்டுப் போனாளாம். அதோட சரி… நீங்களும் அன்னையில இருந்து இந்த ரூம விட்டு வெளிய வரலையாம். வாட்ச்மேன் சொன்னாரு.

தருண்குமார்: ஒடம்புக்கு முடியலம்மா.

அய்யம்மாள்: ஊர்ல பேசுறது ஒங்க காதுக்கு வந்துச்சா?

தருண்குமார்: என்ன பேசுறாங்க?

அய்யம்மாள்: எம்மவ பிரஸ்காரவுக வீட்டுப் பையனோட ஓடிட்டான்னு. நீங்கதான் எங்கயோ வச்சிருக்கீகன்னு.

தருண்குமார்: அம்மா, நான்…

அய்யம்மாள்: பொறுங்க. சண்டைக்கு வரல. கோவமும் இல்ல. நாங்க காடுகரையில கூலிக்குப் போன ஆளுக, நீங்க யாவாரிக. ஒங்க வீட்ல ஒத்துக்கிட மாட்டாக. எங்க சனமும் அருவாளத் தூக்கிட்டு நிக்கும். எல்லாம் தெரியும். எனக்கு அது ஒண்ணும் வேண்டாம். அவ இருக்காளா? அதச் சொல்லுங்க போதும்.

தருண்குமார்: எனக்குத் தெரியாதும்மா.

அய்யம்மாள்: தெரியாதா… அப்ப இந்தப் பேப்பரத் திருப்பிப் பாருங்க. வேஸ்ட்டு லேபிள்லதான் எழுதிருக்கா. முன்பக்கம் ஒரு பொம்பளப்பிள்ள வாளத் தூக்கிட்டுப் பறக்குதே, இது யாரு மூஞ்சி? பெத்தவளுக்கு அடையாளந் தெரியாதா? மூக்குக்குப் பக்கத்துல மச்சங்கூட விடாம வரைஞ்சிருக்கீக.

தருண்குமார்: நான்தான் வரைஞ்சேன். எனக்கு அவளப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சும்மா. இந்த சீசனுக்குப் புதுசா ஒரு பெட்டி, அதுல ஒன் மூஞ்சிதான் போடுவேன்னு சொன்னேன். சிரிச்சா. ஊரு பூரா என் மூஞ்சிய வெடிக்கப் போறாகளான்னு…

அய்யம்மாள்: வெடிக்கப் போறாகளான்னு கேட்டாளா?

தருண்குமார்: வெளையாட்டுக்குத்தான் கேட்டா.

அய்யம்மாள்: அந்தப் பெட்டி கடைக்குப் போயிருச்சா?

தருண்குமார்: இல்ல. ஆர்டர் கேன்சல். மாமா லேபிள் எல்லாத்தயும் எரிக்கச் சொல்லிட்டாரு.

அய்யம்மாள்: அச்சடிச்ச லேபிள எதுக்கு எரிக்கணும்?

தருண்குமார்: …சீசன் தள்ளிப்போச்சுன்னு.

அய்யம்மாள்: ம்… எங்க கம்பெனிக்கும் இந்த லேபிள் வரல. எந்த ரூம்லயும் யாரும் பாக்கல. தாயில்பட்டிக்கு ஒரு லோடு போச்சுங்காக. லைசென்சு இல்லாம ஒங்க மாமா உள்குத்தகைக்கு விட்டிருந்த பட்டாசு செட்டுக்கு.

தருண்குமார்: எனக்கு கம்பெனி விசயம் தெரியாதும்மா. நான் டிசைன் மட்டுந்தான்.

அய்யம்மாள்: அந்த செட்டுதான் அதே புதன்கிழமை மூணு மணிக்கு வெடிச்சது. ஏழு பேரு பேரு பேப்பர்ல வந்துச்சு. எட்டாவதா ஒரு பொம்பளப்பிள்ள. யாருன்னே தெரியல. ரெஜிஸ்டர்லயும் இல்ல. பட்டாசு திருட வந்தவ, செல்போனோட உள்ள வந்து வெடிக்க வச்சிட்டான்னு ஒங்க மாமா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்காரு.

தருண்குமார்: கேள்விப்பட்டேன்.

அய்யம்மாள்: பாவம், எவ பெத்த பிள்ளையோ.

தருண்குமார்: ஆமா… யாரோ.

அய்யம்மாள்: எம்மவ எதுக்கு அங்கன போகப் போறா? அவளுக்கு வெடிமருந்து நெடியே ஆகாது. நான் வேல விட்டு வந்தாக்கூட, குளிச்சிட்டுப் பக்கத்துல வாம்பா. அது அவ இல்ல. இல்லதான தம்பி?

தருண்குமார்: …இல்லம்மா.

அய்யம்மாள்: நாலாவது கெடக்கட்டும். இன்னும் அஞ்சாவதச் சொல்லலயே நீங்க. ‘உப்பளத்து ஆளுக’. செத்தவுக கதைன்னு மட்டும் வீட்ல சொன்னா. அதுக்கு மட்டும் டிக் போடல.

தருண்குமார்: அது அடுத்த ஞாயித்துக்கெழமை பாக்கலாம்னு இருந்தோம். செத்தவுக எல்லாம் ஒரு உப்பளத்துல வேல பாத்துக்கிட்டு இருப்பாங்க. செத்துட்டோம்னே அவங்களுக்குத் தெரியாது. வீட்டாளுக வந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சு வந்துருவாங்க.

அய்யம்மாள்: வந்து?

தருண்குமார்: வீட்ல இருப்பாங்க. சேந்து சாப்பிடலாம், பேசலாம். தொட மட்டும் கூடாது. தொட்டா கரைஞ்சிருவாங்க.

அய்யம்மாள்: தொடாம எப்பிடித் தம்பி இருக்க முடியும்? பிள்ளைக்குத் தல சீவி விட வேண்டாமா?

தருண்குமார்: அழாதீங்கம்மா.

அய்யம்மாள்: ராத்திரி கண்ணசந்தா வாசல் கேட்டு தெறக்குற சத்தம் கேக்கு. எந்திரிச்சுப் போனா நாயி நிக்கு. அவுக அய்யா கஞ்சி குடிச்சு நாலு நாளாச்சு. நீங்க ஒத்த வார்த்த சொன்னா அந்த மனுசன எழுப்பிருவேன். ஒங்க மாமாவுக்குப் பயப்படுறீகளா? நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். மருமகனேன்னு கூப்புடணுமா, கூப்புடுறேன். அன்னைக்கு மத்தியானம் அவ எங்க போனா? நடந்தது எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்.

தருண்குமார்: அம்மா…

அய்யம்மாள்: சொல்லுங்கய்யா.

தருண்குமார்: …என்கூடத்தான் இருக்கா.

அய்யம்மாள்: இருக்காளா?

தருண்குமார்: இருக்கா. திருப்பூர்ல. என் சிநேகிதன் வீட்ல பத்திரமா இருக்கா. நீங்க இப்ப யார்ட்டயும் சொல்ல வேண்டாம்.

அய்யம்மாள்: இருக்கன்குடி மாரியம்மன் மேல ஆணையா?

தருண்குமார்: …ஆமா.

அய்யம்மாள்: சாப்புடுறாளா?

தருண்குமார்: சாப்புடுறா. இன்னைக்குக் காலைலகூட போன்ல பேசுனா. ஒங்களத்தான் கேட்டா. அய்யா கோவம் ஆறட்டும், தீவாளி கழிஞ்சு வாரேன்னா. நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்க.

அய்யம்மாள்: நேத்துக் காலைல வரைக்கும் நீ இதச் சொல்லிருந்தா ஒன் கால்ல விழுந்து கும்பிட்டிருப்பேன். நேத்துக் காலைல ஆஸ்பத்திரில கூப்புட்டுவிட்டு, நாங்க குடுத்த ரத்தம் ஒத்துப்போச்சு, எட்டாவது ஆளு ஒங்க மகதான்னு பொட்டலமாக் கட்டிக் குடுத்தாக. வெளிய தெரியாமச் சாயங்காலமே எரிச்சிட்டோம். அப்பிடியும் அந்த ஏழு வீட்டுக்கும் தெரிஞ்சுபோச்சு. ‘திருட வந்தவ எங்க ஆளுகளயும் சேத்துக் கொன்னுட்டா’ன்னு எங்க வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுப் போனாக. ‘பெட்டில என் மூஞ்சிய ஒட்டுறாகளாம், தருண் போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாக’ன்னு அவ சிநேகிதி பாண்டிச்செல்விகிட்ட சொல்லிட்டுத்தான் அவ அங்கன போயிருக்கா. அந்தப் பிள்ள ஒங்க மாமாட்ட வேல பாக்குறவ, ஸ்டேஷன்ல சொல்லப் பயப்படுறா. நீ வந்து, நான்தான் அனுப்புனேன்னு ஒரு வார்த்த சொன்னா எம்மவ மேல விழுந்த பழி எறங்கிரும். அது ஒன் வாயால தானா வரட்டும்னுதான் இம்புட்டு நேரமும் கத கேட்டுக்கிட்டு இருந்தேன்… செத்தவ சோறு திங்கிறான்னு சொல்லிட்டியேலே.