கையைப் பிடிக்காத வாசல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, எங்கள் முன்பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, குழு உறுப்பினர்களே, றஞ்சிதம் ரீச்சரின் கணவர் கொன்ஸ்ரன்ரைன் ஐயா அவர்களே, ரீச்சரை நினைத்துக் கூடியிருக்கும் பேசாலைப் பெற்றோரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் றொஷேல். பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். பழைய மாணவர்கள் சார்பில் பேச என்னை அழைத்தார்கள். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதியும் தந்தார்கள். அது நல்ல உரை. இருபத்தாறு வருடச் சேவை, அன்பு, பொறுமை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஐந்து வயதான என் தங்கை டினோஜா அதில் இல்லை. ஆகவே வேறொன்று எழுதி வந்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு எழுதினேன். யாருக்கும் காட்டவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஓர் ஆசிரியை இறந்த முப்பத்தோராம் நாள் நினைவில் அவர் விட்ட பிழையைச் சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அந்தப் பிழையைச் சொல்லாமல் றஞ்சிதம் ரீச்சரின் பெருமையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எங்கள் முன்பள்ளியின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். காலையில் ரீச்சர் வாசலில் நிற்பார். ஒவ்வொரு பிள்ளையும் கைகூப்பி, அவர் முகத்தைப் பார்த்து, "வணக்கம் ரீச்சர்" என்று சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். நானும் அப்படித்தான் போனேன். டினோஜாவுக்கு ஓட்டிசம் இருக்கிறது. அவள் அதிகம் பேசுவதில்லை. மற்றவர்களின் முகத்தைப் பார்ப்பது அவளுக்குக் கஷ்டம். முதல் இரண்டு நாளும் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் ரீச்சர் அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக் கைகளைச் சேர்த்து வைத்தார். டினோஜா ரீச்சரைக் கடித்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் வெட்கத்தில் சிரித்தேன். அதன் பிறகு அவள் கோயில் சந்தியைத் தாண்டி வர மறுத்தாள். இழுத்தால் றோட்டில் படுத்துவிடுவாள். இரண்டு மாதம் பள்ளிக்கு வரவில்லை.

அந்த இரண்டு மாதமும் ரீச்சர் என்ன செய்தார்? கடிபட்ட கையைக் காட்டிக் குறை சொன்னாரா? இல்லை. மன்னாருக்குப் பஸ் ஏறி ஓட்டிசம் பற்றிய ஒரு பயிற்சிக்குப் போனார். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். இனிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா நினைத்தார்.

"கதிரையில இருங்கோ ரீச்சர்."

"இல்லை அஞ்சலா. நான் டினோஜாவிட்டைத்தான் வந்தனான்."

முற்றத்தில் டினோஜா சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ரீச்சர் சற்றுத் தள்ளி மணலில் இருந்தார். "பிள்ளை, நான் உன்ர கையைப் பிடிச்சது பிழை. இனிப் பிடிக்க மாட்டன்" என்றார். டினோஜா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இதெல்லாம் விளங்காது என்று உள்ளே இருந்து அப்பா சொன்னார். ரீச்சர் சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது.

"விளங்குதோ இல்லையோ, பிழை விட்டது நான்தானே வின்சன்ட்."

அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். அடுத்த சனியும் வந்தார். அதற்கடுத்த சனி டினோஜா தானாக எழும்பி வந்து, ரீச்சரின் முழங்கையில் நெற்றியை ஒரு கணம் வைத்துவிட்டுத் தன் சிப்பிகளிடம் போனாள். பெரியவர்களே, அது வணக்கம் இல்லையா?

அந்தத் திங்கட்கிழமையே வாசலின் ஒழுங்கு மாறியது. கைகூப்பலாம், கை காட்டலாம், கதவைத் தட்டலாம், ஒன்றும் செய்யாமலும் உள்ளே போகலாம். நிறோஜன் என்ற பொடியன் ஒரு கிழமை முழுக்கச் சேவல் மாதிரிக் கூவினான். ரீச்சரும் திருப்பிக் கூவினார். வகுப்பின் மூலையில் பழைய வலையைத் தொங்கவிட்டு, சத்தம் கூடினால் யாரும் போய் இருக்க ஓர் இடம் செய்தார். இது பள்ளிக்கூடமா, மீன் வாடியா என்று சிலர் கேட்டார்கள். நத்தார் ஒளிவிழாவை ஒலிபெருக்கி இல்லாமல் நடத்தினார். இது விழாவா, செத்த வீடா என்று கேட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் ரீச்சர் பதில் சொன்னார்:

"ஓட்டிசம் வருத்தம் இல்லை, சுகமாக்கிறதுக்கு. அந்தப் பிள்ளை அப்பிடித்தான். வகுப்பைத்தான் நான் மாத்தோணும். எனக்குச் சம்பளம் அதுக்குத்தான்."

வாசல் மாறிய பிறகு டினோஜா ஒரு நாளும் பள்ளிக்குப் போகாமல் நிற்கவில்லை. வலை மூலையில் அவளுக்குப் பக்கத்தில் சேவல் நிறோஜனும் போய் இருப்பான். அவனுக்கும் சில நேரம் சத்தம் பிடிப்பதில்லையாம். அதை அவன் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

ரீச்சர் போய் இரண்டு கிழமையில் நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் எடுத்தது. பள்ளி பழைய ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கைகூப்பி வணக்கம் சொல்லித்தான் உள்ளே வர வேண்டும். பழகாத பிள்ளை பழகும்வரை வீட்டில் இருக்கட்டும். அதில் எவருடைய பெயரும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளை இங்கே ஒருத்திதான். தீர்மானத்தில் கையெழுத்து வைத்த தலைவர் என் அப்பா.

அப்பா கல்நெஞ்சர் இல்லை. டினோஜாவுக்கு மீனில் முள் எடுத்து, சோற்றில் படாமல் வேறு தட்டில் வைத்துக் கொடுப்பவர் அவர்தான். தன் பிள்ளைக்காக ஒழுங்கை வளைத்தார் என்று ஊர் கதைக்கக் கூடாது என்று நினைத்தார். எனக்கு அது விளங்குகிறது. ஆனால் அப்பா விடியற்காலையில் கடலுக்குப் போய்விடுவார். அதன் பிறகு வீட்டில் நடப்பதை அவர் பார்ப்பதில்லை. டினோஜா தானே சட்டை போட்டு, தானே சப்பாத்து மாட்டி, வீட்டுப் படலையடியில் போய் நிற்கிறாள். ஏன் போகவில்லை என்று கேட்பதில்லை. வெயில் ஏறும்வரை நிற்கிறாள். இரண்டு கிழமையாக, பள்ளி நாள் எல்லாம் அப்படி நிற்கிறாள்.

றஞ்சிதம் ரீச்சரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி சொன்னீர்கள். எந்தப் பணியை? வலை மூலை இல்லாமல், அந்த வாசல் இல்லாமல், அந்தப் பிள்ளையும் இல்லாமல் மிஞ்சுவது என்ன? ஒரு படமும் மாலையும்தானே?

நானும் உறுதி சொல்கிறேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு என் தங்கையோடு இந்த வாசலுக்கு வருவேன். செவ்வாயும் வருவேன். என் பாடசாலைக்குப் பிந்திப் போனால் வெளியில் நிற்க வைப்பார்கள், நிற்கிறேன். ரீச்சருக்கு நான் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுதான்.

அப்பா, திங்கட்கிழமை கடலுக்குப் போகாதேங்கோ. அவளை உள்ளே விட முடியாது என்றால், அதைப் புது ரீச்சர் சொல்ல வேண்டாம், அம்மா சொல்ல வேண்டாம். நீங்களே வந்து அவளுக்குச் சொல்லுங்கோ.