ஆறு மணி பத்து நிமிடச் சுற்று

மேலகரத்தில் ஆவணி மாதம் துணி காய்வது கடினம். குற்றாலத்துச் சாரல் சொல்லிக்கொண்டு வராது. வானம் வெளுத்திருக்கிற நாட்களில் என் மகள் அனுசியா தொலைநோக்கியோடு மாடிக்குப் போய்விடுவாள். கல்லூரியில் இயற்பியல் எடுத்தவள். முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. நானும் உங்களைப் போலக் காவல் துறையில் இருந்தவன், ஆய்வாளர் ஐயா. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

அவள் போனிலிருந்து செங்கோட்டையில் இருக்கிற மணிகண்டபிரபு என்ற ஒருவனுக்குச் செய்திகள் போயிருந்தன. எல்லாம் ராத்திரி நேரங்கள். 9.40, 12.45, 3.50. மறுநாள் 10.20, 1.25. தினமும் நாற்பது நிமிடம் தள்ளிப் போனது. பிடிபடாமலிருக்க நேரத்தை மாற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேட்டேன்.

"செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துத கல்லுப்பா. சூரியனச் சுத்த நாலரை வருசம். தன்னத்தானே சுத்த ஆறு மணி பத்து நிமிசம். நீளக் கல்லு, அதனால ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வெளிச்சம் கூடும். அந்த நேரந்தான் இது. இன்னும் ஒரு ராத்திரி பாத்தா உறுதியாயிரும்."

"கல்லப் பாக்க ஆம்பளத் தொண எதுக்குட்டி?"

"அவரு அவரு மாடியில பாக்காரு, நான் நம்ம மாடியில பாக்கேன். இங்கன மேகம் வந்தா அங்கன தெளிஞ்சிருக்கும்."

அன்றிரவு அவள் மேலே போனதும், போனை என்னிடம் வைத்துக்கொண்டு மாடிக்கதவை உள்பக்கமாகத் தாழிட்டேன். இறங்கி எங்கேயும் போய்விடக் கூடாது என்பதற்காக.

ஒரு மணிக்கு மேல் சாரல் பிடித்தது. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மருந்து கீழே அவள் அறையில் இருந்தது.

"அப்பா, மூச்சு முட்டுது. தொறங்கப்பா."

"சத்தம் போடாதட்டி. பக்கத்து வீட்ல முழிச்சிருக்காவ."

அதற்குப் பிறகு அவள் சத்தம் போடவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை.

விடியுமுன் தூக்கி வந்து, தலை துவட்டி, கட்டிலில் கிடத்தினேன். தூக்கத்தில் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னேன்.

பதினைந்து மாதம் கழித்து அந்தக் கல் மறுபடி பூமிக்குக் கிட்டே வந்திருக்கிறது. மீதியைப் பிரபு தனியாகப் பார்த்து முடித்திருக்கிறான். போன வாரம் மனைவியோடு வீட்டுக்கு வந்தான்.

"அனுசியா சொன்ன கணக்கு ஒரு நிமிசம் பெசகல, ஐயா. வெளிநாட்டுப் பத்திரிகையில போடுதாவ. அவுக பேரத்தான் முதல்ல போட்டிருக்கேன், அதுக்கடுத்து எம்பேரு" என்றான். அந்தப் பெண் அழுதாள்.

அவர்கள் போன பிறகு மாடிக்குப் போய் நின்றேன். வெறும் கண்ணுக்கு அது தெரியாதாம். தெரியவில்லை.

தாழிட்டது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் இங்கே வந்தது வேறொன்றுக்கு. அந்தப் பையனைக் கூப்பிட்டு நீங்கள் சொல்ல வேண்டும். கல்யாணமாகாத என் மகளின் பெயர் ஒரு வேற்று ஆண் பெயருக்குப் பக்கத்தில் அச்சேறக் கூடாது.