அடுத்தவர் வேதத்தை வாசித்த வக்கீல்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மட்டாஞ்சேரியிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் வக்கீல் சாரின் துணைவி சங்கரி மாமி அவர்களே! கொச்சங்காடியில் சுக்கும் மிளகும் விற்கிற தங்கதுரை வணங்குகிறேன்.

நம் வக்கீல் ஹரிநாராயணன் போய்விட்டார். ‘அமைதியில் உறைந்தார்’ என்று வெளியே பேனரில் போட்டிருக்கிறீர்கள். அமைதியா? அவரா? புதன்கிழமைதோறும் என் கிடங்கு மாடியில் அவரோடு உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மாடியில் நாங்கள் வேதம் வாசிப்போம். எல்லா மதத்து வேதமும். சட்டம் ஒன்றுதான், வக்கீல் போட்டது: தன் வேதத்தைத் தானே வாசிக்கக் கூடாது. வேறு மதத்துக்காரர் வாசிக்க வேண்டும். அதற்கு உரியவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும்.

நான் ஞானம் தேடிப் போனவன் இல்லை. மாடி சும்மா கிடந்தது. ஒரு வக்கீல் வந்து போகிற கடை என்றால் நாலு பேர் வம்புக்கு வரமாட்டார்கள் என்று கொடுத்தேன். நான் போய் உட்கார்ந்த முதல் நாளே, நஸீமா டீச்சரின் வேதத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வக்கீல் என் கையில் கொடுத்துவிட்டார். அளந்து வாங்கும்போது நிறைய வாங்கி, அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றிய பகுதி. எதிரே பாதிப் பேர் கடைக்காரர்கள்!

“சார், இது என்னைக் குறி பாத்து எடுத்த பக்கமா?”

“வரிசையாத்தான் வந்துண்டிருக்கோம். இன்னிக்கு உன் முறையாக்கும். நான் என்ன பண்ணுவேன்?”

என் தராசு முத்திரை போட்ட தராசு. இந்தத் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனாலும் மறுநாள் கடை திறந்ததும் தட்டைத் துடைத்து, எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? தராசு சரியாக இருந்தது. எனக்குத்தான் சரியில்லை.

“வேதம் படிச்சா மனசு அடங்கும்னாங்க, எனக்கு அடங்கலியே” என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். “அடங்கணும்னா மாத்திரை இருக்குடா. மெடிக்கல் ஷாப் எதிர்லதானே!” என்றார்.

ஊருக்குத்தான் உபதேசமா? இல்லை! படகு மெக்கானிக் சேவியர் அண்ணன், வக்கீலுக்கும் எனக்கும் உரிய வேதத்தை வாசித்தபோது நீங்கள் வக்கீலைப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் ஒவ்வொரு சமஸ்கிருதப் பெயரிலும் தடுக்கி விழுகிறார். வக்கீல் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு துடிக்கிறார். திருத்தவில்லை. சட்டம் அவருக்கும்தானே! முடிந்ததும் சொன்னார்: “கடகடன்னு இத்தனை வருஷம் பாராயணம் பண்ணிருக்கேன். சேவியர் தடுக்கின எடத்துலதான் எனக்கு அர்த்தம் கேட்டுது.”

இன்னொரு புதன்கிழமை. சேவியர் அண்ணனின் வேதத்தை வக்கீல் வாசிக்கிறார். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று வருகிறது. அதற்குமேல் ஓடவில்லை. புத்தகத்தை மூடினார், இறங்கினார், ஆட்டோ பிடித்தார். காக்கநாட்டில் தம்பி வீடு. சொத்து வழக்கோடு பேச்சு நின்றுபோன தம்பி.

“சமாதானம் ஆச்சா சார்?” என்று மறுநாள் கேட்டேன்.

“வாசல்லயே நிக்க வச்சுட்டான். ஒரு சாயாகூடக் கெடைக்கல. ஆனா அதை வாசிச்சப்பறம் போகாம இருக்க முடியலையேடா!”

அந்தத் தம்பி ராமபத்ரன் இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. முன்னால் வாருங்கள் ஐயா. மாமி பக்கத்தில் இடம் இருக்கிறது.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ‘சர்வமதப் பிரார்த்தனை’. டீச்சர் அவர் வேதத்தை வாசிப்பார், சேவியர் அண்ணன் அவருடையதை, நான் எங்களுடையதை. இனிப் புதன்கிழமையும் இப்படியே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்த நண்பர்கள் சொல்கிறார்கள். “அவனவன் புக்கை அவனவன் படிக்கிறதுதான் சேஃப் சேட்டா. நீங்க தப்பாப் படிச்சு, ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டா?”

நியாயமான பயம். எனக்கும் உண்டு. நான் வியாபாரி, எல்லா மதத்துக்காரரும் என் கடைப் படி ஏறினால்தான் எனக்குப் பிழைப்பு. மூன்று நாளாக இதே யோசனை. மாடியைப் பூட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆனால் நண்பர்களே, இப்படிப்பட்ட பிரார்த்தனைக் கூட்டங்களிலிருந்து அவர் எழுந்து போனதை நீங்கள் பார்த்ததில்லையா? “அவாவா சரக்கை அவாவா கூவி விக்கறா. வாங்கறவன் எங்கடா?” என்று என் காதில் முணுமுணுத்துவிட்டுத்தானே போவார்! அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் படத்துக்கு முன்னாலேயே அதைச் செய்வதா? அவரால்தான் இன்று எழுந்து போக முடியாது என்பதாலா?

முடியாது! புதன்கிழமை மாடி திறந்திருக்கும். சட்டம் மாறாது. பயப்படுகிறவர்கள் வர வேண்டாம். பயந்துகொண்டே வருகிறவர்கள் வாருங்கள், நானும் அப்படித்தான் வருவேன். வீடியோ எடுக்கிறவர்கள் இப்போதே எடுத்துக்கொள்ளலாம்.

நஸீமா டீச்சர், வக்கீல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசிப்பு உங்கள் வேதத்தில் நின்றது. அதை அடுத்து வாசிக்கும் முறை அவருடையது. அந்த முறையை நான் எடுத்துக்கொள்கிறேன். என் கையில் இருக்கும் இதை நீங்கள் வாங்கிக்கொண்டு, உங்கள் கையில் இருப்பதை இப்படிக் கொடுங்கள்.

நான் தடுக்குவேன் டீச்சர். துண்டு வேண்டுமானால் மாமியிடம் இருக்கிறது, அவருடைய துண்டு.