குண்டம்மாவுக்கு எடுத்துச் சென்ற மஞ்சள் ஊசி

பெயர்: துபியேர் அர்ரோயாவே. வயது: 39. தொழில்: தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில் ஆம்புலன்ஸ் உதவியாளர், பதினான்கு வருடங்களாக. முகவரி: கோயில் தெருவின் பின்புறம், சான் ஃபெர்மின் தெல் ரீயோ, அந்தியோக்கியா, கொலம்பியா.

லூஸ் தாரி என்பவரின் அண்ணன் வில்மார் கொடுத்த புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தச்சு வேலை மிஷினால் தன் தங்கையின் கால் எலும்பில் நான் ஓட்டை போட்டதாக அதில் இருக்கிறது. மிஷின் தச்சனுடையது அல்ல. ஓட்டை போட்டது நான்தான். எங்கள் ரேடியோ அறையில் இருக்கும் யுர்லே தவறான தகவல் கொடுத்தாள் என்று அவளை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் நீக்கிவிடுவார்களாம். அதனால் விசாரணைக்கு நீங்கள் கூப்பிடுவதற்கு முன்பே நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

மே மாதம் ஒன்பதாம் தேதி காலை எட்டே காலுக்கு, எல் சில்யோ மேட்டிலிருந்து லூஸ் தாரியின் கணவர் எல்கின் நிலையத்துக்குப் போன் செய்தார். யுர்லேதான் எடுத்தாள். அவர் சொன்னது போன் பதிவில் இருக்கிறது: "தாயி, என் குண்டம்மாவுக்குக் கொழந்த பொறந்துடுச்சு, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது, சீக்கிரம் ஆளனுப்பு." அவள் என்னிடம், "பிரசவ ரத்தப்போக்கு, ஆள் குண்டாம்ணே, பாத்துப் போங்க" என்றாள்.

ரத்தம் நிறையப் போனவர்களுக்குக் கை நரம்பு சுருங்கி ஒளிந்துகொள்ளும். அப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் சிறு மோட்டாரால் ஊசியைத் திருகி இறக்கி, அதன் வழியாக மருந்து ஏற்றுவோம். சாதாரண உடம்புக்கு நீலத் தலை ஊசி. சதைப்பற்று உள்ளவர்களுக்கு மஞ்சள் தலை. நீலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். அன்று நிலையத்தில் நீலம் ஒன்றும் மஞ்சள் இரண்டும்தான் மிச்சம். ஆள் குண்டு என்றதால் நீலத்தை இன்னொரு வண்டிக்காக வைத்துவிட்டு மஞ்சளை எடுத்துக்கொண்டேன். அது என் முடிவு. யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு பாதையை மூடியிருந்த மண்சரிவு வரை வண்டியில் போய், அங்கிருந்து எல்கின் அனுப்பிய கோவேறு கழுதையில் ஒரு மணி நேரம் ஏறினேன். வீட்டுக்குள் போனதும் கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். நாற்பத்தைந்து கிலோ தேறுவாளா என்பதே சந்தேகம். நான் சுற்றிலும் பார்த்து, "குண்டா ஒருத்தங்கன்னாங்களே, அவங்க எங்க?" என்று கேட்டேன். எல்கின், "இவதான் டாக்டரே என் குண்டம்மா" என்றார்.

எங்கள் மலையில் புருஷன் பெண்டாட்டியைச் செல்லமாகக் கூப்பிடும் சொல் அது. ஒட்டடைக்குச்சி போல இருப்பவளும் குண்டம்மாதான். இது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்டீர்கள். நன்றாகவே தெரியும்.

அதன் பிறகு அடிவயிற்றை அழுத்திக்கொண்டே மூன்று முறை கையில் நரம்பு தேடினேன், கிடைக்கவில்லை. நாடி நூல் போல ஓடியது. எனவே மஞ்சள் ஊசியையே எடுத்தேன். நீளம் அதிகம், மறுபக்கம் துளைத்துவிடும் என்பதால், எலும்பின் மேல்பக்கம் விட்டுக்கொடுத்ததை விரலில் உணர்ந்த நொடியே மோட்டாரை நிறுத்தினேன். ஊசி தோலுக்கு மேலே இரண்டு விரல் உயரம் நீட்டிக்கொண்டு நின்றது. உப்புநீரைச் செலுத்தியதும், அதுவரை கண் திறக்காத பெண் வீறிட்டுக் கத்தினாள். கட்டிலருகே நின்ற வில்மார், "கசாப்புக்காரா, விடுடா அவள!" என்று என் சட்டையைப் பிடித்தார். எல்கின், "மச்சான், கத்துறா பாருய்யா! உசுரோட இருக்கா, அவர விடு" என்று அழுதார். எல்கின் சொன்ன இந்த வார்த்தை புகாரில் இல்லை.

அதன் பிறகு கருப்பை சுருங்கும் மருந்தை அந்த ஊசி வழியாகவே கொடுத்தேன். ரத்தம் மெல்ல நின்றது. நீட்டிக்கொண்டிருந்த ஊசியில் எதுவும் இடிக்காமல் இருக்க, வெல்லத்தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக் கோப்பையின் அடியை வெட்டிக் கவிழ்த்து ஒட்டினேன். நான்கு பேர் ஊஞ்சல் வலையில் தூக்கி வந்தார்கள். என் உள்ளங்கை கோப்பையின் மேலேயே இருந்தது. ஓடையில் ஒருவர் கால் வழுக்கியபோது வலை பாறையில் இடித்து ஊசி அசைந்துவிட்டது. சிறிது நேரத்தில் அவள் கெண்டைக்கால் கல்லாக விறைத்தது. மருந்துநீர் சதைக்குள் கசிந்திருந்தது. அதற்குள் கையில் நரம்பு தெரியத் தொடங்கியதால் அதில் ஏற்றி, காலில் நிறுத்தினேன். மருத்துவமனையில் காலைக் கீறி அழுத்தத்தை எடுத்தார்கள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். நீல ஊசி இருந்திருந்தால் இப்படி வெளியே நீட்டியிருக்காது, இடித்திருக்கவும் வாய்ப்பில்லை. இதை நினைக்காத நாள் இல்லை.

பதினோராம் நாள் பார்க்கப் போனேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், "என்னையப் போயி குண்டுன்னு நம்புன ஆளு நீங்கதானா?" என்று கேட்டுச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

யுர்லே தன் காதில் விழுந்ததைத்தான் சொன்னாள். "எத்தன கிலோ இருப்பாங்க?" என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்க வேண்டும். நாற்பத்தெட்டு கிலோ உள்ள என் மனைவியை நான் இன்று காலைகூட குண்டம்மா என்றுதான் கூப்பிட்டேன். எனக்குத் தண்டனை இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். யுர்லேயை வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும்.

மேலே உள்ளதை எழுதிய அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். எல்கின் போனில் சொன்ன இடத்தில் "பருமனான என் மனைவிக்கு" என்று தட்டச்சாகி இருந்தது. "சார், உங்க வீட்டம்மாவ நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். அதிகாரி அதைக் குறுக்கே கோடிட்டு அடித்து, "என் குண்டம்மாவுக்கு" என்று திருத்தினார். அடித்ததை அழிக்காமல் அப்படியே விடும்படி கேட்டுக்கொண்டேன். விட்டிருக்கிறார். திருத்தத்தின் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். மற்றவை அனைத்தும் நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளன.

(ஒப்பம்) து. அர்ரோயாவே