கத்தலாமா என்று கேட்டவர்

மேடையில் வீற்றிருக்கும் வானொலிச் சங்கத் தலைவர் அவர்களே, உரிம அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார், எங்கள் அக்கா அவர்களே, பாதி அடைத்த பல்லோடு தங்கள் மருத்துவரைப் பறிகொடுத்து நிற்கும் நண்பர்களே! வணக்கம்.

நான் அளந்து பேசுகிறவள். ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அது தொழில் நோய். ஆனால் நம் கம்பி டாக்டரைப் பற்றி அளந்து பேச முடியுமா? பல்லுக்குக் கம்பி போட்டதால் வந்த பெயரா, கிளினிக் மொட்டைமாடியிலிருந்து எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை கம்பி இழுத்துக் கட்டியதால் வந்த பெயரா, யாருக்கும் தெரியாது. "துணி காயப்போட ஒரு கொடி கேட்டேன். இந்த மனுஷன் தெருவுக்கே கொடி கட்டிட்டாரு" என்பார் அக்கா.

அந்தக் கம்பியில் டாக்டர் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வானொலி அலை அனுப்பினார். அந்த அலை ஒன்றின் நீளமே பல ஊர்களைத் தாண்டும். அதை ஒழுங்காக அனுப்ப வேண்டுமென்றால் ஆண்டெனாவை மலையைவிட உயரமாகக் கட்ட வேண்டும். இவரிடம் இருந்ததோ ஒரு கம்பி, பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றிய ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள். யானைப் பசிக்குச் சோளப்பொரி! செலுத்திய மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் காயிலைச் சூடாக்கியே தீர்ந்துபோகும். "டாக்டர், உங்க சிக்னல் இன்னிக்காவது வாசலைத் தாண்டிச்சா?" என்று சங்கத்தில் கேலி செய்வார்களாம். அவர் அசரவில்லை. நாற்காலியில் படுத்திருக்கும் நோயாளியிடம் காயிலின் பெருமையை விளக்குவார். வாயில் கருவியை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேச யாரால் முடியும்?

எங்கள் நிலையம் மின்கம்பிகளின் இரைச்சலே எட்டாத ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பூமியின் மறுபாதியில் மின்னல் வெட்டினால், அதன் அலை காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், வளைந்து, எங்களிடம் வந்து இறங்கும். ஒலியாக்கிக் கேட்டால், யாரோ விசிலடித்துக்கொண்டே மாடிப்படி இறங்குவது போல இருக்கும். அந்த விசிலை வைத்துத்தான் வளிமண்டலத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று கணக்கிடுகிறோம். ஒருநாள் எங்கள் பதிவின் குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு விழுந்தது. மறுநாளும் விழுந்தது. இயற்கைக்கு நேர்கோடு போடத் தெரியாது. விசாரித்துக்கொண்டு கிளினிக்குக்கே போனேன்.

"டாக்டர், உங்க சிக்னல் எங்க பதிவைக் கெடுக்குது" என்றேன்.

டாக்டர் கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடி கீழே விழுந்தது. "வந்திருச்சா? அவ்ளோ தூரம் வந்திருச்சா? எங்க, காட்டுங்க மேடம்!"

"நான் புகார் குடுக்க வந்திருக்கேன்."

"தாராளமா குடுங்க! எழுத்துலயே குடுங்க! ஏய், இங்க வா, நம்ம சத்தம் பள்ளத்தாக்கு வரைக்கும் கேட்டிருச்சு!"

அக்கா ஓடி வந்தார். நோயாளி திறந்த வாயோடு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடிச் சட்டம் போட்டு கிளினிக்கில் மாட்டியிருக்கிறதே, பலரும் அவருடைய பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது நான் எழுதிய புகார்!

ஆனால் நண்பர்களே, அடுத்து அவர் செய்ததைக் கேளுங்கள். "இது எதை மறைக்குது மேடம்?" என்று கேட்டார். விசில்களைப் பற்றிச் சொன்னேன். பேச்சை முடிக்கும் முன்பே மாடிக்குப் போய் அணைத்துவிட்டு வந்தார். அலை அனுப்பும் உரிமம் அவரிடம் இருந்தது. சட்டப்படி அணைக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அனுப்பும் முன் நிலையத்துக்குப் போன் வரும். "கத்தலாமா?" எங்கள் டெக்னீஷியன் பதில் சொல்வார்: "கத்துங்க டாக்டர்." அல்லது, "இன்னிக்கு வாயைத் திறக்காதீங்க." "என் வாழ்க்கையில இதை எனக்குச் சொல்ற ஒரே ஆள் நீதான்யா" என்று சிரிப்பார்.

கடல் கடந்த ஒரு நண்பர் அவருடைய சிக்னலுக்காகப் பல வருடமாகக் காத்திருந்தார். ஒரு விடியற்காலையில் எல்லாம் கூடி வந்தது. சங்கமே மாடியில் திரண்டிருந்தது. போன் வந்தது. "கத்தலாமா?" அன்று சூரியனில் புயல்; எங்கள் கருவிகளில் விசில் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கூடாது என்றோம். மாடியில் கொதித்தெழுந்தார்கள்: "பர்மிட் நம்மகிட்ட இருக்கு. இவங்களை எதுக்குக் கேக்கணும்?" டாக்டர் சொன்னார்: "பக்கத்து வீட்டுல பரீட்சைக்குப் படிக்கிறப்ப நாம பாட்டு வைப்போமா?" பிறகு போனில், "மேடம், உங்க ஸ்பீக்கரைப் போன்கிட்ட வைங்களேன்" என்றார். வைத்தோம். ஆயிரம் பறவைகள் ஒரே மரத்தில் விழித்தது போல வான்வெளி கீச்சிட்டது! கோபித்தவர்களெல்லாம் ஒரு சின்னப் போனைச் சுற்றித் தலையோடு தலை முட்டி நின்றார்களாம். அதைக் கேட்டவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்குங்கள்! பார்த்தீர்களா!

அந்த நண்பருக்கு சிக்னல் இன்னும் போய்ச் சேரவில்லை. டாக்டர் போய்விட்டார். உரிமம் அவர் பெயரில் இருந்தது. அவரோடு அதுவும் முடிந்தது. சங்கத்தின் பெயரில் புதிதாகக் கொடுக்கலாமா, ஆய்வுக்குக் கெடுதலா என்று அதிகாரி என்னிடம் கேட்டிருக்கிறார். கெடுதலே இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்களா? சொல்ல மாட்டேன். கெடுதல் உண்டு. பதிவில் விழுந்த கோட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். கேட்காமல் பத்துப் பேர் கத்தினால் எங்கள் பள்ளத்தாக்கு செவிடாகிவிடும். ஆனால் கேட்டுவிட்டுக் கத்துகிறவரை, வேண்டாம் என்றால் நிறுத்துகிறவரை நான் எதற்குத் தடுக்க வேண்டும்? அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். உரிமம் கொடுங்கள், ஒரே ஒரு நிபந்தனை, முதலில் போன் வர வேண்டும். அந்த உறை இப்போது அதிகாரியின் கையில் இருக்கிறது. ஐயா, முடிவு உங்களுடையது. போனை எடுக்கும் பொறுப்பு எங்களுடையது. நான் ஓய்வு பெற்றாலும் யாராவது எடுப்பார்கள். இது எங்கள் நிலையத்தின் வாக்குறுதி!

இரங்கல் கூட்டத்தின் முடிவில் மௌனம் கேட்பார்கள். நான் கேட்கப்போவதில்லை. மௌனத்தை அவர் எங்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டார்.

உள்ளே நுழையும்போது அக்கா என் கையைப் பிடித்து, "மேடம், இனிமே அவருக்குப் பதிலா நான் போன் பண்ணா எடுப்பீங்களா?" என்று கேட்டார். அதற்குள் மேடைக்கு அழைத்துவிட்டார்கள். இப்போது, எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்கிறேன்.

உரிமம் வந்த அன்னிக்கே பண்ணுங்க அக்கா. எடுக்கிறது நானாத்தான் இருக்கும். கேளுங்க, சொல்றேன்: கத்துங்க!