பதின்மூன்று மணி நேர இருட்டு

சாமந்தி ஒன்றும் அபூர்வமான செடி இல்லை, ஐயா. எந்த நர்சரிக்குப் போனாலும் வாசலிலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கும்போது பூத்துக் குலுங்கும். நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் சண்டித்தனம் பண்ணும்.

என் வீட்டில் மூன்று வருடம் பண்ணியது. பின்வாசலில் ஆறு படிகள். இறங்கினால் துணிக்கொடி, அதன் பக்கத்தில் பெரிய சிமெண்ட் தொட்டி. அதில் இலை தளதளவென்று இருக்கும், பேருக்குக்கூட ஒரு மொட்டு கிடையாது. என் மனைவி வாய் சும்மா இருக்காது. "கீரை போட்டிருந்தா சமையலுக்காவது ஆகியிருக்கும். இதுக்குப் போய் ரெண்டு வேளை சேவகம் பண்றீங்களே" என்பாள். ஆனால் அந்தச் செடி வந்ததே அவளால்தான். யார் வீட்டு கேட்டுக்குள்ளோ மஞ்சள் சாமந்தியைப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்றாள். "நம்ம வீட்டுலயும் இப்படிப் பூத்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நர்சரிக்காரர்தான் காரணம் சொன்னார். "ராத்திரி பக்கத்துல லைட் எரியுதா? அதான் சார். இதுக்குத் தொடர்ந்து பதிமூணு மணி நேரம் இருட்டு வேணும். நடுவுல ஒரு நிமிஷம் வெளிச்சம் பட்டாலும் பட்ட பாடெல்லாம் வீண்."

நான் மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே எனக்கு அலாரம் என்றுதான் பெயர். மணிக்கணக்கு எனக்கு விளையாட்டு இல்லை. செடியைச் சாக்கால் மூடிப் பார்த்தேன், இலை அழுகியது. தொட்டியை நகர்த்த நாலு ஆள் வேண்டும். அதனால் பின்வாசல் பல்பைக் கழற்றினேன்.

அவள் தையல் கடையிலிருந்து ஏழு மணிக்கு வருவாள். வந்ததும் துணி எடுக்கப் பின்பக்கம் இறங்குவாள். "பல்பு எங்கங்க?" என்றாள். ஃப்யூஸ் போய்விட்டது என்றேன். அவளே புதுசு வாங்கி மாட்டினாள். அதையும் கழற்றினேன். மூன்றாவது பல்புக்குப் பிறகு வயரிங்கிலேயே கோளாறு என்று சொல்லிவிட்டேன். "ஆளைக் கூப்பிட்டுப் பாருங்களேன். ஒரு நாள் விழுந்து என் பல்லு போகப் போகுது" என்று சிரித்தாள். அப்புறம் படியை எண்ணி எண்ணி இறங்கப் பழகிக்கொண்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பூத்த பிறகு காட்டி அவள் வாயை அடைக்கலாம் என்று இருந்தேன்.

கடைசிப் பல்பைக் கழற்றிய முப்பத்துநான்காவது நாள், தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நாலாவது படியில் மறந்து வைத்துவிட்டேன். மறதிதான், வேண்டுமென்று வைக்கவில்லை. ஏழேகாலுக்குச் சத்தம் கேட்டது.

"ஏங்க, லைட்டைப் போடுங்க. எந்திரிக்க முடியல" என்றாள். நான் தடவித் தடவி இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என் செல்லுல லைட் இருக்கு, இங்கதான் விழுந்துச்சு" என்றாள். துழாவி எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வந்தால் அதுவும் வெளிச்சத்தோடுதானே வரும்?

"இப்ப லைட் போட முடியாதும்மா. செடியில மொட்டு வந்திருக்கு" என்றேன்.

"எத்தனை?" என்றாள்.

"பதினேழு."

"அதுக்குத்தானா பல்பு..." என்றாள்.

அதன் பிறகு அவள் லைட்டே கேட்கவில்லை, ஐயா. சம்மதித்துவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். குளிருகிறது என்றாள், போர்வை கொண்டுவந்து போர்த்தினேன். விடியும்வரை அவள் கையை விடவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது அவள் பேச்சு குழறியது. எனக்குப் புரிந்தது. சாயங்காலம் ஆறிலிருந்து கணக்குப் போட்டால் இன்னும் ஏழு மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நாலு அடித்தபோது நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் தலைக்கடியில் ஈரமாக இருந்தது. குழாய்த் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். இருட்டில் நிறம் தெரியாது.

ராத்திரி எட்டு மணிக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். நர்சரிக்காரரும் துக்கம் விசாரிக்க வந்தார். பூத்திருந்த செடியைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே சார். மொட்டு வந்துட்டா அப்புறம் லைட் பட்டாலும் ஒண்ணும் ஆகாது, சொன்னேன்ல?" என்றார். அவர் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. வந்தவர்கள் எல்லாரும் அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

அவள் உயிர் போனது என்னால்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி வேண்டும். பூத்து முடிந்த கிளைகளை நீங்கள் வருவதற்கு முந்தின நாள்தான் நறுக்கிவிட்டேன். இந்நேரம் துளிர் விட்டிருக்கும். காவலுக்கு நிற்கும் உங்கள் ஆட்கள் பின்வாசலில் பெரிய லைட் போட்டிருக்கிறார்களாம். அதைச் சாயங்காலம் ஆறு மணிக்கு அணைக்கச் சொல்லுங்கள். மறுபடியும் பூத்தால் அவளுக்குப் பிடிக்கும்.