பென்சிலில் எழுதிய வருஷம்

நேர்ல பாத்தேன்னு சொல்ல மாட்டேங்க. காதால கேட்டது தான். அதுவும் பாத்தவரு வாயால இல்ல, பாத்தவரோட சம்சாரம் வாயால. அதை முதல்லயே சொல்லிட்றேன். அப்புறம் திண்டிவனத்துல இறங்கினதும், இந்தப் பையன் கண்ணால கண்ட மாதிரி அளந்தான்னு நீங்க நினைச்சிடக் கூடாது பாருங்க.

கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சிக்கோங்க அய்யா, அந்தக் கம்பி ஆடுது. இதுங்களா? கண்ணாடி போட்ட ஃபிரேமுங்க. மேல வச்சா பஸ்ஸு தூக்கிப் போடுற போடுல உடைஞ்சிடும். மடியிலயே இருக்கட்டும். உடைஞ்சா என் பொழைப்பும் சேந்து உடையும்.

விழுப்புரம் ஸ்டேஷன்ல இறங்கினதுமே கேட்டீங்களே, ரிட்டயராயி விருத்தாசலத்துல செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்கிற ஆளை எதுக்குப்பா இசை விழாவுக்குக் கூப்பிட்டீங்க, எனக்கு தாளமும் தெரியாது ராகமும் தெரியாதுன்னு. அதுக்குத்தான் வர்றேன். திண்டிவனம் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, பொறுமையா சொல்றேன்.

சுப்பராயலு அய்யான்னு திண்டிவனத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. கல்யாணத்துக்கு மைக் செட்டு, கூழ் ஊத்துறதுக்கு மைக் செட்டு, கட்சிக் கூட்டத்துக்கு மைக் செட்டு, எல்லாம் அவருது தான். எந்தக் கட்சி ஜெயிச்சாலும் நன்றி சொல்ற மைக்கு அவருது. தோத்தவங்க அழுவுற மைக்கும் அவருது. இப்ப ஒரு பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர் ஆயிட்டாரு. அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் எடம் காலியா இருக்கு.

நான் பி.ஏ.ங்க. எங்க வம்சத்துலயே முதல் ஆளு. எங்கப்பா பெரியதம்பி, கண்டாச்சிபுரத்துப் பக்கம் மல்லாட்டை, அதான் கடலை, போடுறவரு. ரெண்டு வருஷமா வேலையில்லாம, அவரு முகத்தைப் பாக்காம சோறு தின்னுக்கினு இருக்கேன். ஊர்ல எவனாச்சும் வந்து, என்ன பி.ஏ., இன்னும் வெயில்ல தான் கீறியான்னு கேட்டுட்டுப் போறான். போன மாசம் சுப்பராயலு அய்யா முன்னால போய் நின்னேன். வாப்பா, ஒரு விழா மலர் எழுதிக் குடு, மேடையில நீயே வாசி, வாசிச்சு முடிச்சதும் அங்கயே ஆர்டரைக் கையில குடுத்துட்றேன்னாரு. அந்த மேடை தான் இன்னிக்குச் சாயங்காலம்.

விக்கிரவாண்டிங்க. ஏறுறவங்க ஏறட்டும். காலை மடக்கிக்கோங்க, கோழிக்கூடை வருது.

மலர் என்னன்னா, ஜூலை இருபத்தெட்டு இசை உலகில் ஒரு பொன்னாள். இன்னிக்குத் தேதிங்க. இந்த ஒரு தேதியில, வேற வேற வருஷத்துல, நம்ம பக்கத்துல இசைக்கு என்னென்ன நடந்ததுன்னு அவரே சொல்லச் சொல்ல நான் எழுதணும். ஐம்பத்தி ஒண்ணு ஜூலை இருபத்தெட்டு, விழுப்புரத்துக் கல்யாணம் ஒண்ணுல முதன்முதலா கிராமபோன்ல சினிமாப் பாட்டு. ஐம்பத்தி ரெண்டு ஜூலை இருபத்தெட்டு, புளியமரத்துல முதல் குழாய் ஸ்பீக்கரு கட்டி ரெண்டு கல்லு தூரம் கேட்டுது, எருமை ரெண்டு அறுத்துக்கினு ஓடிச்சு. ஐம்பத்தி மூணு ஜூலை இருபத்தெட்டு, திண்டிவனத்துக் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டதால ஒரே ரிக்கார்டு முப்பத்தி ரெண்டு தடவை ஓடிச்சு, ஊசி தேஞ்சிது, சம்பந்தி சண்டை வந்துது. ஐம்பத்தி நாலு ஜூலை இருபத்தெட்டு, ரெண்டாவது செட்டு வந்து, விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் ஒரே நேரத்துல ஒரே பாட்டு.

நீங்க சிரிக்கிறீங்க. நான் சிரிக்கலீங்க, எனக்கு வேலை வேணும். ஆனா நமக்கு ஒரு கெட்ட பழக்கம், தெரியாததைத் தெரியும்னு எழுத கை வராது. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில என்று சொல்லப்படுகிறதுன்னு போட்டேன். விழாக்குழுவுல பன்னெண்டு பேரு. படிச்சிப் பாத்துட்டு, ஏம்பா, யாரு சொன்னா, சொன்னவன் நம்ம அய்யா தானே, அப்புறம் என்ன சொல்லப்படுகிறது, அச்சுக்கோக்கிறவன் எழுத்து பத்தலைங்கறான்னு அத்தனையும் அடிச்சிட்டாங்க.

அப்ப கூட எனக்கு ஒண்ணும் தோணலை. வீட்டுல ஒரு நாள் சத்தமா வாசிச்சிப் பழகிக்கினு இருந்தேன். எங்கப்பா விதை மல்லாட்டை உடைச்சிக்கினு கேட்டுக்கினு இருந்தாரு. எழுதப் படிக்கத் தெரியாதவரு. சூலை இருவத்தெட்டுன்னா எதுடான்னாரு. இதோ வருதேப்பா, இன்னும் மூணு வாரம் இருக்குன்னேன். விரலை மடக்கி எண்ணிட்டு, அது ஆடியாச்சேடா, விதைக்க ஆளு கிடைக்காம நான் நாயா அலையுற மாசம், எவன்டா ஆடியில தாலி கட்டினான், அதுவும் ரெண்டு கல்யாணமான்னாரு.

பாருங்க அய்யா. நான் பி.ஏ., விழாக்குழு பன்னெண்டு பேரு, அச்சாபீஸ்காரரு, எல்லாரும் தமிழங்க. புதுசா கல்யாணம் ஆனவளையே ஆடியில அம்மா வீட்டுக்கு அனுப்புற ஜனங்க. இங்கிலீஷ் தேதியில சொன்னதும் ஒருத்தருக்கும் உறைக்கல. பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தேன். நாலு வருஷமும் ஆடி பன்னெண்டு, பதிமூணு தான். ஆடி எங்க ஓடிப் போவும்.

இந்த பேஜாருல தான் நான் கோட்டக்குப்பம் போனது. பழைய ரிக்கார்டு ஏதாச்சும் இருந்தா கண்காட்சியில வைக்கலாம்னு குழுவுல சொன்னாங்க. அங்க ஆயிஷா பீவின்னு ஒரு அம்மா. அவங்க வீட்டுக்காரரு சனாவுல்லா பாய், ஆரம்பத்துல சுப்பராயலு அய்யாவோட கூட்டாளி. அய்யாகிட்ட நிலம் வித்த காசு இருந்துது, பாய்கிட்ட சைக்கிள் இருந்துது. அவ்ளோ தான் கூட்டு. அப்ப பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில. அங்க கிராமபோன் மலிவு. கோட்டக்குப்பத்துல இருந்து எட்டி மிதிச்சா பாண்டிச்சேரி. நடுவுல ஒரே ஒரு இடைஞ்சல், சுங்கச் சாவடி.

ஆமாங்க, சாவடி. ஏன் அய்யா, காத்து அடிக்குதா? கண்ணாடியை இறக்கட்டுங்களா? சரி, இருக்கட்டும்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்றேன். பாய் சைக்கிள் பின்னால கிராமபோனைக் கட்டிக்கினு சாவடிக்கு வந்தாராம். அதிகாரி நிறுத்தினாராம். புதுசா பழசா? புதுசுன்னா வரி ஜாஸ்தி. பழசுங்கய்யான்னாராம் பாய். எப்படி நம்புறது? பாட வச்சிக் கேளுங்க, இருமுற இருமல்லயே வயசு தெரிஞ்சிடும்னாராம். மேசை மேலயே வச்சி, சாவி குடுத்து, இருந்த ஒரு ரிக்கார்டைப் போட்டாராம். பாட்டு கிளம்பினதும் பஸ்ஸுல இருந்தவங்க இறங்கிட்டாங்களாம். வண்டிக்காரங்க மாட்டை அவுத்து விட்டுட்டு வந்து நின்னுட்டாங்களாம். ஒரு மீன்காரம்மா கூடையைத் தலையில வச்சபடியே நின்னு, தண்ணி தோள்ல ஒழுவுறது கூடத் தெரியாம கேட்டுதாம். அதிகாரி இன்னொரு தடவை போடுன்னாராம். அப்புறம் மூணாவது தடவையும். எங்க வூட்டுக்காரரு பாடாமயே பாடகரா ஆன ஒரே நாளு அதுதான் தம்பின்னாங்க அந்த அம்மா.

அந்தத் தேதி தான் ஜூலை இருபத்தெட்டு. கல்யாணமும் இல்ல, பந்தலும் இல்ல. நம்ம பக்கத்து இசை வரலாறு சாவடி மேசை மேல ஆரம்பிச்சிருக்கு. என்னைக் கேட்டா மலர்ல இருக்கிறதை விட இது எவ்வளவோ ஒசத்தி. ஆனா என்னை யாரு கேக்குறாங்க.

இருங்க, அதோட முடியலை. அதிகாரி வரி வாங்கிட்டு ரசீது எழுதினாரு. பாட்டுல சொக்கிப் போயி தேதியைப் போட்டாரு, மாசத்தைப் போட்டாரு, வருஷத்தைப் போட மறந்துட்டாருன்னு அந்த அம்மா சொல்றாங்க. அச்சடிச்ச பத்தொன்பது மட்டும் நிக்குது, பக்கத்துல காலி. சுப்பராயலு அய்யா அதைப் பாத்தாரு. நீங்களும் நானும் பாத்தா குறைன்னு நினைப்போம். அவரு அதுல நாலு வருஷத்தைப் பாத்தாரு. காலி எடத்துல பென்சிலால ஐம்பத்தி ஒண்ணுன்னு எழுதினாரு. மறு வருஷம் குழாய் ஸ்பீக்கரு வந்துது. ஐம்பத்தி ஒண்ணை ரப்பரால அழிச்சி ஐம்பத்தி ரெண்டு. அப்புறம் பெரிய ஆம்ப்ளிஃபயரு. ஐம்பத்தி மூணு. அப்புறம் ரெண்டாவது செட்டு. வழியில யாரு நிறுத்தினாலும் அதே ரசீது, வரி கட்டினது அந்த முதல் தடவை மட்டும் தான். ஏங்க மையால எழுதலைன்னு பாய் கேட்டதுக்கு, சர்க்கார் காகிதத்துல மையால எழுதினா குத்தம், பென்சிலால எழுதினா ஞாபகக்குறிப்புன்னாராம்.

இப்ப புரியுதுங்களா, நாலு வருஷமும் இசைக்கு ஏன் ஒரே நாள் வாச்சிதுன்னு. ஐம்பத்தி நாலுக்கு அப்புறம் ஜூலை இருபத்தெட்டுல ஒண்ணுமே நடக்கலை, அதையும் கவனிங்க. மலர்ல அந்தப் பக்கம் விளம்பரம் போட்டுட்டாங்க. அந்த வருஷக் கடைசியில பாண்டிச்சேரி நம்மளோட சேந்துடுச்சு, சாவடியை எடுத்துட்டாங்க. வரலாறு அதோட நின்னு போச்சு.

பாய் தேவையும் நின்னு போச்சு. அவரு இப்ப பினாங்குல ஒரு கடையில கணக்கு எழுதுறாரு. நான் கிளம்புறப்ப அந்த அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. பணம் காசு ஒண்ணும் வேணாம் தம்பி, மலர்ல அவரு பேரு ஒரு வரியில வந்தா, ஒண்ணு வாங்கி பினாங்குக்கு அனுப்பலாம்னு இருக்கேன்னாங்க. சரிம்மான்னு சொல்லிட்டேன். சொன்ன அந்த நேரத்துல எனக்குத் தெரியும், முந்தின நாளே மலர் அச்சாயிடுச்சுன்னு. பொய் சொன்னதுன்னா என் ஆயுசுல அது ஒண்ணு தான். 

கூட்டேரிப்பட்டுங்க. டீ சாப்பிடுறீங்களா? வேணாமா. எனக்கும் வேணாம்.

அந்த ரசீது தாங்க இந்த ஃபிரேமுக்குள்ள இருக்கிறது. பொன்னாளுக்கு ஆதாரம் வேணுமில்ல, சுப்பராயலு அய்யா பென்சிலால திரும்ப ஐம்பத்தி ஒண்ணுன்னு போட்டு கண்ணாடிக்குள்ள மாட்டி வச்சிருந்தாரு. விழாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டு வாங்கியாடான்னு என்கிட்ட தான் குடுத்தாரு. விழுப்புரத்துல ஃபிரேம் கடைக்காரரு பிரிச்சாரு. பாத்தா, காகிதத்தோட அடிப்பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்குப் பின்னால மடிச்சிருந்துது. விரிச்சேன். கொண்டு வந்தவர் பெயர்னு அச்சு. எதிர்ல மையால, சனாவுல்லா, கோட்டக்குப்பம்.

தம்பி, திரும்ப மடிக்கவான்னு கேட்டாரு கடைக்காரரு. அப்பாவை நினைச்சேன், அந்த ஆர்டரை நினைச்சேன். வேணாங்க, விரிச்சே போடுங்க, ஃபிரேம் கொஞ்சம் பெருசானா பரவாயில்லைன்னுட்டேன். பென்சிலை நான் அழிக்கலீங்க. அதை எழுதுறதும் அழிக்கிறதும் என் வேலை இல்ல. வெளிச்சத்துல பிடிச்சா ரப்பர் தேச்சுத் தேச்சு அந்த எடம் மட்டும் மெல்லிசா தெரியும், வெங்காயத் தோலு மாதிரி.

திண்டிவனம் வந்திடுச்சு, அதோ நாதஸ்வரக்காரரோட நிக்கிறாங்க பாருங்க, மாலையை வச்சிக்கினு. ஜல்தியா சொல்லி முடிச்சிட்றேன். நான் மேடையில அச்சுல இருக்கிறதைத் தான் வாசிப்பேன், வேற வழியில்லை. அப்புறம் நீங்க திரையை இழுத்து இந்த ஃபிரேமைத் திறந்து வைக்கணும். சுப்பராயலு அய்யா உங்களை மைக் முன்னால நிறுத்தி, இந்த ரசீது உண்மை தானேன்னு கேப்பாரு. அதுக்குத் தான் உங்களைத் தேடிப் பிடிச்சிக் கூப்பிட்டது. இப்ப சொல்லாத, மேடையில பாத்து வர்றவரு சந்தோஷப்படட்டும்னு என்கிட்ட சொல்லி வச்சிருந்தாரு. நீங்க என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேங்க. அடியில இருக்கிற பேரை மட்டும் மைக்ல ஒரு தடவை படிச்சிட்டீங்கன்னா, மலர்ல இல்லாட்டியும் மூணு தெருவுக்குக் கேக்கும். அதுக்கப்புறம் ஆர்டரு வருதா வரலையான்னு நான் பாத்துக்கிறேன். எங்கப்பாவுக்கு விதைக்க ஆளும் வேணும்.

பாத்து இறங்குங்க, படி உசரம். இன்னும் ஒண்ணு. ரசீதுல சாவடி அதிகாரின்னு போட்டிருக்கிறது உங்க கையெழுத்து தானான்னு எனக்கு முதல்ல சந்தேகம். ராஜாமணின்னு நம்ம பக்கத்துல எத்தனையோ பேரு. அதனால விழாவுக்கு வர்றேன்னு நீங்க போட்ட கார்டைப் பக்கத்துல வச்சி சரி பாத்தேன். அதே சுழி, கீழ அதே ரெண்டு புள்ளி. அந்த அம்மா நினைக்கிற மாதிரி பாட்டுல சொக்கி மறந்தது இல்லீங்க அது. கார்டுலயும் தேதி போட்டிருக்கீங்க, மாசம் போட்டிருக்கீங்க, வருஷம் போடலை.